முழங்கால் அறுவை சிகிச்சைக்குப் பிறகு அம்மா: அனுபவமுள்ளவர்கள் வழி சொல்லுங்கள்

வணக்கம். முழங்கால் மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்ட பெற்றோரைப் பார்த்துக்கொண்டவர்களும் பிசியோதெரபி தெரிந்தவர்களும் உதவ வேண்டும்.

அம்மாவுக்குப் புண் ஆறிவிட்டது, எக்ஸ்ரேயிலும் குறையில்லை என்கிறார் மருத்துவர். ஆனால் அம்மா வாக்கரை விட மறுக்கிறார். முன்பெல்லாம் பண்டிகைக்கு மட்டும் பேசிய அண்ணன் இப்போது தினமும் இரவு அழைக்கிறார். முதல் கேள்வியே "வலி எப்படி இருக்கிறதம்மா?" என்பதுதான். போன் வரும் நேரம் நெருங்கினாலே அம்மாவின் கை முழங்காலைத் தேய்க்க ஆரம்பித்துவிடுகிறது. ஆயுள் முழுக்க அடுப்படியில் நின்றவருக்கு இப்போதுதான் காபி உட்கார்ந்த இடத்துக்கு வருகிறது.

தயவுசெய்து "நடிக்கிறார்" என்று சொல்லிவிடாதீர்கள். வலி உண்மை. நோயால் கிடைக்கும் இத்தகைய பலனை உளப்பகுப்பாய்வை உருவாக்கிய சிக்மண்ட் ஃபிராய்டு "இரண்டாம் நிலை ஆதாயம்" என்றார். பெரும்பாலும் நோயாளியே அறியாமல் நடப்பது அது. வலியைக் காட்டும்போது மட்டும் கவனிப்பு கிடைத்தால் அந்த நடத்தை வேரூன்றிவிடும் என்றார் அமெரிக்க உளவியலாளர் வில்பர்ட் ஃபோர்டைஸ். உடற்பயிற்சியை வலிக்கும்வரை செய்யாமல், முன்பே குறித்த அளவில் நிறுத்துவது அவர் முறை.

படிக்க நன்றாகத்தான் இருக்கிறது, வீட்டில் எப்படிச் செய்வது? வலியைப் பற்றிக் கேட்காதீர்கள் என்றால் அண்ணன் கோபித்துக்கொள்கிறார். காபியை நிறுத்த எனக்கு மனமில்லை. எழுந்து நடந்தாலும் இதே கவனிப்பு தொடரும் என்று உங்கள் வீட்டில் எப்படி நம்பவைத்தீர்கள்? மதுரைப் பக்கம் இதைப் புரிந்த பிசியோதெரபிஸ்ட் இருந்தாலும் சொல்லுங்கள்.