அம்மாவுக்கு ஃப்ளூ ஊசி: பாமசியில் போடலாமா, டொக்டரிடம்தான் போக வேண்டுமா?

வாணி_ஸ்காபரோ:

எல்லோருக்கும் வணக்கம். அம்மாவுக்கு 71 வயது, யாழ்ப்பாணத்திலிருந்து இந்த மார்ச்சில்தான் நிரந்தரமாகக் கனடாவுக்கு எங்களிடம் வந்து சேர்ந்தார். ஹெல்த் கார்ட் கிடைத்துவிட்டது. சலரோகம், பிறசர் இரண்டும் உண்டு, இதயத்துடிப்பு ஒழுங்கில்லை என்று இரத்தம் உறையாமல் இருக்கக் குளிசையும் எடுக்கிறார். அவருக்கு இது இங்கே முதல் குளிர்காலம். போன மாதம் ஒரு சாதாரணத் தடிமன் வந்ததற்கே இரண்டு கிழமை இருமி இருமி நித்திரை இல்லாமல் கிடந்தார், அதைப் பார்த்ததிலிருந்து எனக்குப் பயமாக இருக்கிறது.

குடும்ப வைத்தியரிடம் ஃப்ளூ ஊசிக்குக் கேட்டால் நவம்பர் 20க்குப் பிறகுதான் நேரம் என்கிறார்கள். வீட்டுக்குப் பக்கத்துப் பாமசியில் ஊசி இப்போதே இருக்கிறது, ஆனால் அம்மா சம்மதிக்கிறார் இல்லை. "மருந்துக்கடையில மருந்து வாங்கலாம், ஊசி போடுறது டொக்டற்ர வேலை" என்று ஒரே பிடி. கீழ்வீட்டு அன்ரி வேறு, இந்த ஊசி போட்டால்தான் காய்ச்சலே வரும் என்று சொல்லி வைத்திருக்கிறார். ஊரில் இதை வருடாவருடம் போடுகிற பழக்கம் இல்லாததால் அம்மாவுக்கு இது என்ன ஊசி என்றே பிடிபடவில்லை.

இரத்தக் குளிசை எடுப்பவருக்குப் பாமசியில் போடுவது பாதுகாப்பா? மகளுக்கு 7 வயது, மகனுக்கு 14 மாதம், அவர்களையும் ஒரேயடியாகக் கூட்டிப் போகலாமா? அவர்கள் இருவருக்கும் இதுவரை இந்த ஊசி போட்டதில்லை. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

மருந்தாளர்_மார்க்கம்:

வாணி, நான் இங்கே மருந்தாளராக வேலை செய்கிறேன், ஒக்டோபர் வந்தால் ஒரு நாளில் முப்பது நாற்பது பேருக்கு இந்த ஊசி போடுவேன். ஒன்ராறியோ மாகாணத்தில் 2012இலிருந்து மருந்தாளர்கள் ஃப்ளூ ஊசி போடுகிறோம். அதற்கென்று பயிற்சி எடுத்து, ஊசி போட்டதும் யாருக்காவது கடும் ஒவ்வாமை வந்தால் உடனே கொடுக்க எபிநெஃப்ரின் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் போடுவோம். டொக்டரின் அறையில் இருப்பதும் இதே மருந்துதான், எங்கள் குளிர்பெட்டியிலும் அதே 2 முதல் 8 பாகை வெப்பநிலையில்தான் இருக்கிறது. காசு ஒரு சதமும் இல்லை, ஒன்ராறியோவில் ஆறு மாதத்துக்கு மேற்பட்ட எல்லோருக்கும் 2000ஆம் ஆண்டிலிருந்தே இலவசம்.

உங்கள் அம்மாவின் விஷயத்தில் பாமசி இன்னும் நல்லது என்று நான் சொல்வேன், ஆனால் எந்தப் பாமசி என்பது முக்கியம். அவருடைய குளிசைகளை மாதாமாதம் எங்கே எடுக்கிறீர்களோ அங்கேயே போங்கள். அங்கே கணினியைத் திறந்தாலே அவர் என்ன எடுக்கிறார், எத்தனை மில்லிகிராம் என்று எல்லாம் தெரியும், நீங்கள் நினைவு வைத்துச் சொல்ல வேண்டியதில்லை.

அப்புறம் போவதற்கு முன் போன் எடுத்து "65க்கு மேற்பட்டவர்களுக்கான ஊசி இருக்கிறதா" என்று கேளுங்கள். இதைக் கட்டாயம் கேளுங்கள். வயது போகப் போக உடம்பு சாதாரண ஊசிக்கு அவ்வளவாக எதிர்ப்புச் சக்தி உண்டாக்காது. அதனால் மூத்தவர்களுக்கு இரண்டு வகை தனியாக இருக்கிறது. ஒன்று உயர் அளவு ஊசி, அதில் ஒவ்வொரு வைரசுக்கும் 15 மைக்ரோகிராமுக்குப் பதில் 60 இருக்கும், அதாவது நாலு மடங்கு. மற்றது எதிர்ப்பைத் தூண்டிவிடும் துணைப்பொருள் சேர்த்த ஊசி. இரண்டில் எது கிடைத்தாலும் போடுங்கள். இரண்டும் முடிந்துவிட்டது, வர நாளாகும் என்றால் அதற்காகக் காத்திருந்து நாட்களை விட வேண்டாம், சாதாரண ஊசியையே போட்டுவிடலாம். ஊசி போட்டு உடம்பு தயாராக இரண்டு கிழமை எடுக்கும். நவம்பர் 20க்குப் பிறகு போட்டால் டிசம்பர் பிறந்துவிடும், அப்போது எல்லா வீட்டிலும் இருமல் சத்தம் கேட்கத் தொடங்கியிருக்கும்.

மகளுக்கு நாங்களே போடலாம். ஆனால் ஒன்பது வயதுக்குள் முதல்முறை என்றால் இரண்டு ஊசி வேண்டும், நாலு கிழமை இடைவெளி விட்டு. இதைப் பலர் மறந்து ஒன்றோடு விட்டுவிடுகிறார்கள். முதலில் ஆபத்து கூடியவர்களுக்குப் போட்டுவிட்டு ஒக்டோபர் கடைசியில்தான் எல்லோருக்கும் திறப்பார்கள், பிள்ளைகளும் அதுவரை நிற்க வேண்டுமா என்றும் அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள். மகனுக்குப் பாமசியில் போட முடியாது, நாங்கள் இரண்டு வயதிலிருந்துதான் போடுவோம். அவருக்கு டொக்டரின் கந்தோருக்கு அழைத்து, தாதியிடம் ஊசிக்கு மட்டும் நேரம் தருவீர்களா என்று கேட்டுப் பாருங்கள், அதற்கு அநேகமாகக் கெதியாகக் கிடைக்கும்.

பெரியதம்பி:

தங்கச்சி, என் அப்பா வார்ஃபரின் என்ற இரத்தக் குளிசை எடுத்தவர், நாலு வருடம் நான்தான் பாமசிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். முதலிலேயே இரத்தக் குளிசை எடுக்கிறார் என்று சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான். மெல்லிய ஊசியாகப் போட்டுவிட்டு, பஞ்சை வைத்து ஐந்து நிமிடமாவது நன்றாக அழுத்திப் பிடிக்கச் சொன்னார்கள். தேய்க்கவே கூடாது. முதல் வருடம் அப்பா பழக்கத்தில் தேய்த்துவிட்டார், தோளில் ஒரு ரூபாய்க் குத்தி அளவுக்கு நீலம் பாரித்து ஒரு கிழமை கிடந்தது. அடுத்த வருடத்திலிருந்து பஞ்சை நான் பிடித்துக்கொண்டேன், ஒன்றும் வரவில்லை. ஊசிக்காகக் குளிசையை நிறுத்தச் சொல்லி யாராவது சொன்னால் கேட்க வேண்டாம், அப்படி நிறுத்தத் தேவையில்லை.

குளிருக்கு உள்ளே மூன்று உடுப்பைப் போட்டுக்கொண்டு போனால் கையை எடுக்க முடியாமல் கஷ்டப்படுவார். கை தளர்வான சட்டை, மேலே முன்பக்கம் திறக்கிற சுவெட்டர். இது சின்ன விஷயம்தான், ஆனால் வயதானவர்களுக்கு முன்பின் தெரியாத ஆள் முன்னால் உடுப்பை இழுத்துக்கொண்டு நிற்பது பெரிய சங்கடம். எங்கள் பாமசியில் திரை போட்ட ஒரு சின்ன அறை இருந்தது, உங்கள் பாமசியில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

குமரன்77:

நான் மாற்றிச் சொல்கிறேன், குறை நினைக்க வேண்டாம். போன வருடம் வேலையிடத்தில் எல்லோரும் போடுகிறார்கள் என்று நானும் போட்டேன். மூன்றாம் நாள் உடம்பு முறிந்து காய்ச்சல், ஐந்து நாள் வேலைக்குப் போகவில்லை. அதற்கு முந்தின வருடம் போடவில்லை, ஒன்றும் வரவும் இல்லை. வயதானவருக்கு இதைப் போட்டு வருத்தத்தை விலைக்கு வாங்குவதா என்று யோசித்துச் செய்யுங்கள்.

மருந்தாளர்_மார்க்கம்:

குமரன், ஐந்து நாள் படுத்தது உண்மை, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தக் காய்ச்சலை ஊசி கொண்டுவர முடியாது. ஊசியில் இருப்பது கொல்லப்பட்டு உடைக்கப்பட்ட வைரசின் துண்டுகள், அது உடம்பில் பெருகாது. ஊசியால் வருவது கை நோவு, கொஞ்சம் உடம்பு உளைவு, சிலருக்கு மெல்லிய காய்ச்சல், ஒன்றிரண்டு நாளில் போய்விடும். ஊசி போட்டு மூன்றாம் நாள் என்றால் பாதுகாப்பு இன்னும் வரவே இல்லை, அந்த நேரத்தில் வெளியே தொற்றியிருக்கலாம், அல்லது வேறு வைரசாக இருக்கலாம். நாம் தடிமன் என்று சொல்வதில் எத்தனையோ வகை வைரஸ் உண்டு, இந்த ஊசி இன்ஃப்ளூவென்சாவை, அதாவது ஃப்ளூவை மட்டுமே தடுக்கும். அதையும் முழுதாகத் தடுக்கும் என்று நான் சொல்ல மாட்டேன், வைரஸ் ஆண்டுக்காண்டு உருமாறுவதால் சில வருடம் நன்றாகப் பொருந்தும், சில வருடம் குறைவாகப் பொருந்தும். பெப்ரவரியில் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிற வகைகளை வைத்துத்தான் நமக்கு ஒக்டோபரில் ஊசி வருகிறது.

ஆனால் வாணியின் அம்மாவுக்கு இதயத்தில் பிரச்சினை இருக்கிறது, அதை மறக்கக் கூடாது. 2018இல் இங்கே ஒன்ராறியோ நோயாளிகளின் பதிவுகளை வைத்தே ஓர் ஆய்வு வந்தது. ஃப்ளூ உறுதியான முதல் ஏழு நாட்களில் மாரடைப்பு வருகிற ஆபத்து மற்ற நாட்களைவிட ஏறக்குறைய ஆறு மடங்கு என்று அதில் கண்டார்கள். சலரோகக்காரருக்கு ஃப்ளூ வந்தால் சீனியும் ஏறி இறங்கும், சாப்பாடு இறங்காது, குளிசை மட்டும் இறங்கும். இரண்டு நாள் கை நோவை இதோடு வைத்து நிறுத்துப் பாருங்கள்.

மிசிசாகா_மீனா:

எங்க மாமியாருக்கும் இதே பிடிவாதம்தாங்க. சென்னையில் மெடிக்கல் ஷாப்பில் ஊசி மருந்தை வாங்கி, ஐஸ் பேக்கில் சுற்றி எடுத்துக்கொண்டு ஓட்டமாக டாக்டரிடம் போய்ப் போட்டுக்கொண்டு பழகியவர். கடைக்காரரே போடுவார் என்றதும் முகம் சுருங்கிவிட்டது. நான் வாக்குவாதம் பண்ணவில்லை. என் ஊசிக்குத் துணைக்கு வாருங்கள் என்று கூட்டிப் போனேன். அங்கிருந்த மருந்தாளர் பெண் என்னிடம் முட்டை ஒவ்வாமை உண்டா, முன்பு ஏதாவது ஊசியில் மூச்சுத் திணறியதா, இன்று காய்ச்சல் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டதை எல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். முட்டை ஒவ்வாமை இருந்தாலும் போடலாம் என்றும் அந்தப் பெண் சொன்னார். எனக்குப் போட்டு முடித்ததும் மாமியார் தானாகவே கையை நீட்டினார். உங்க அம்மாவிடமும் முதலில் நீங்கள் போட்டுக் காட்டுங்க.

வாணி_ஸ்காபரோ:

பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. மீனா அக்கா சொன்னபடியே செய்தேன். செவ்வாய்க்கிழமை காலை போன் எடுத்துக் கேட்டேன், மூத்தவர்களுக்கான உயர் அளவு ஊசி இருக்கிறது, நான் குழந்தையோடு இருப்பதால் எனக்கும் அன்றே போடலாம் என்றார்கள். பின்னேரம் போனோம். முதலில் எனக்குப் போட்டார்கள். அந்த மருந்தாளர் தமிழ்ப் பிள்ளை இல்லை, ஆனால் அம்மாவிடம் அவசரப்படாமல் கதைத்தார், நான் மொழிபெயர்த்தேன். குளிசைப் பட்டியலை அவரே கணினியில் வாசித்து, இரத்தக் குளிசையைக் காட்டி, அதனால் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடிக்க வேண்டும் என்று நாங்கள் சொல்லாமலே சொன்னார். அங்கேதான் அம்மாவின் முகம் மாறியது. "என்ர குளிசை எல்லாம் இவனுக்குத் தெரியுதே" என்று என்னிடம் மெல்லச் சொன்னார்.

எந்தக் கை என்று கேட்டார், அம்மா இடது கையைக் காட்டினார், வலது கை சமையலுக்கு வேண்டும் என்று. ஊசி ஏறினது தெரியவே இல்லையாம். பஞ்சை நான் பிடித்துக்கொண்டேன், பெரியதம்பி அண்ணா, ஐந்து நிமிடம் மணிக்கூட்டைப் பார்த்துத்தான் பிடித்தேன், நீலம் ஒன்றும் வரவில்லை. பதினைந்து நிமிடம் கதிரையில் இருத்தி வைத்துவிட்டுத்தான் வீட்டுக்கு விட்டார்கள். அன்றிரவு கை கொஞ்சம் நொந்தது, காய்ச்சல் இல்லை, அடுத்த நாள் வழமைபோல எழும்பிப் புட்டு அவித்தார்.

மகளுக்கு அடுத்த கிழமை முதல் ஊசி, இரண்டாவதற்கு நவம்பர் கடைசியில் வரச் சொல்லித் திகதியும் எழுதித் தந்துவிட்டார்கள். மகனுக்கு டொக்டரின் கந்தோரில் தாதியிடம் வருகிற வியாழன் நேரம் கிடைத்திருக்கிறது. நேற்று அம்மா கீழ்வீட்டு அன்ரிக்குப் போன் எடுத்து, எந்தப் பாமசி, மூத்த ஆட்களின்ர ஊசி என்று கேக்க வேணும், கை தளர்ந்த சட்டை போட்டுக்கொண்டு போக வேணும் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அன்ரிக்கு 74 வயது. சனிக்கிழமை அவரை நான்தான் கூட்டிக்கொண்டு போகிறேன்.