மொபிலிட்டி ஸ்கூட்டர்: வாங்கியவர்கள், ஓட்டுகிறவர்கள் அனுபவம்

அம்மாவுக்கு மொபிலிட்டி ஸ்கூட்டர் (நடக்கச் சிரமப்படுகிறவர்கள் உட்கார்ந்து ஓட்டும் பேட்டரி வண்டி) பார்க்கிறேன், எந்த மாடல் நல்லது என்று கேட்ட தம்பிக்கு: மாடல் பெயர் சொல்லி உங்களைக் குழப்பப் போவதில்லை. எங்கள் அம்மாவுக்குச் சரிப்பட்டது உங்கள் அம்மாவுக்குச் சரிப்படாமல் போகவே வாய்ப்பு அதிகம். நாங்கள் எதையெல்லாம் பார்த்து எடுத்தோம் என்று மட்டும் சொல்கிறேன்.

எங்கள் அம்மாவுக்கு முடக்குவாதம். வீட்டுக்குள் சுவரைப் பிடித்தபடி நடந்துவிடுவார், வெளியே வந்தால் கொஞ்ச தூரத்திலேயே உட்கார இடம் தேடுவார். இந்த மாதிரி ஆட்களுக்குத்தான் ஸ்கூட்டர். நாலடி எடுத்து வைக்க முடிய வேண்டும், சாயாமல் நேராக உட்கார முடிய வேண்டும், இரண்டு கையும் ஓரளவாவது வேலை செய்ய வேண்டும். இந்த வண்டி பிறந்த கதையே அதுதான். 1968-இல் அமெரிக்காவின் மிச்சிகனில் ஆலன் தீம் என்ற பிளம்பர், மல்டிபிள் ஸ்க்லெரோசிஸ் என்ற நரம்பு நோயால் நடக்கச் சிரமப்பட்ட மனைவிக்காக ஒரு வண்டி செய்தார். 'அமிகோ' என்று பெயர் வைத்தார். மனுஷர் ஆளைப் பார்த்து வண்டியைச் செய்திருக்கிறார், நாம் வண்டியைப் பார்த்துவிட்டு ஆளை அதில் உட்கார வைக்கப் பார்க்கிறோம்.

நாங்கள் போன இடத்தில் விற்பனையாளர் எடுத்த எடுப்பில் வேகத்தைச் சொன்னார், ஒரு சார்ஜுக்கு எத்தனை கிலோமீட்டர் என்றார், முன்விளக்கைப் போட்டுக் காட்டினார். அம்மா எதையும் காதில் வாங்கவில்லை. "இதுல எப்படிப்பா ஏறுறது?" என்று ஒரே கேள்விதான் கேட்டார். அதற்கு அவரிடம் பதில் இல்லை, "ஈஸிதாம்மா" என்றார்.

ஏறுவது இப்படி. சீட்டுக்கு அடியில் பக்கவாட்டில் ஒரு சின்ன நெம்பி (லீவர்) இருக்கும். அதை இழுத்துப் பிடித்தால் சீட்டு பக்கவாட்டில் திரும்பும், நெம்பியை விட்டால் 'டக்' என்று பூட்டிக்கொள்ளும். சீட்டின் பக்கத்தில் கை வைக்கும் பிடியை மேலே தூக்கிவிட்டு உட்கார்ந்து, சீட்டோடு முன்பக்கம் திரும்ப வேண்டும். படிக்கச் சுலபமாக இருக்கிறது, ஆனால் முதலில் பார்த்த வண்டியில் அந்த நெம்பி இரும்புப் பட்டை மாதிரி மெல்லிசாக, ஸ்பிரிங் ரொம்ப இறுக்கமாக இருந்தது. விரல் கோணிப்போன ஒருவரால் அதைக் குனிந்து இழுக்கவே முடியாது. இன்னொன்றில் சீட்டு நன்றாகத் திரும்பியது, ஆனால் பூட்டு சரியாக விழவில்லை, கையை ஊன்றியதும் லேசாக அசைந்தது. அதையும் விட்டுவிட்டோம்.

அடுத்தது கை. ஹேண்டிலுக்குக் கீழே இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டிருக்கும் கட்டைவிரல் நெம்பிதான் ஆக்ஸிலேட்டர், பெரும்பாலும் வலது பக்கம் அமுக்கினால் முன்னே போகும், இடது பக்கம் பின்னே. கையை எடுத்தால் மின்காந்த பிரேக் தானாகப் பிடித்து வண்டி நின்றுவிடும், அது நல்ல விஷயம். சிக்கல் என்னவென்றால், போகும் நேரம் முழுக்க விடாமல் அமுக்கிக்கொண்டே இருக்க வேண்டும். அம்மாவின் கட்டைவிரலுக்கு அது ஆகாது. வளையம் போல மூடிய ஹேண்டில் ஒரு வகை இருக்கிறது, மணிக்கட்டை அதன் மேல் சாய்த்துக்கொண்டு மற்ற நாலு விரலாலும் நெம்பியை உள்பக்கம் இழுக்கலாம். நாங்கள் எடுத்தது அதுதான்.

கடையில் ஒரே ஒரு சுற்று ஓட்டிவிட்டு "நல்லாருக்கு" என்று சொன்னால் நம்பாதீர்கள். அரைமணி நேரம் உட்கார வைத்து ஓட்டச் சொல்லுங்கள். ஹேண்டில் எட்டத்தில் இருந்தால் தோள்பட்டை வலி அதற்குள் தெரிந்துவிடும். ஹேண்டிலைச் சாய்க்கவும் சீட்டை முன்னே தள்ளவும் முடிகிற வண்டி என்றால் அங்கேயே சரிசெய்து பார்க்கலாம்.

* * *

அக்கா சொன்னதோடு ஓட்டுகிறவன் பக்கத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எனக்குச் சின்ன வயதில் போலியோ, காலிப்பர் (காலைத் தாங்கும் கம்பிச் சட்டம்) போட்டு வருஷக்கணக்கில் நடந்தேன், இப்போது தசை சோர்ந்துவிட்டதால் ஸ்கூட்டர். மூன்று சக்கரம், நான்கு சக்கரம் இரண்டையும் ஓட்டியிருக்கிறேன்.

மூன்று சக்கரம் குறுகிய இடத்தில் வளையும், கால் நீட்ட இடம் இருக்கும். கால் மடங்காதவர்களுக்கு இது பெரிய விஷயம், யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் ஒரு பக்கம் சரிந்த பாதையில் வேகத்தோடு திருப்பினால் கவிழ்கிற பயம் உண்டு. வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகில் ஒரு பக்கம் ஆமை, இன்னொரு பக்கம் முயல் படம் போட்டிருப்பார்கள். திரும்பும் முன் ஆமைப் பக்கம் கொண்டுவந்துவிடுவது என் பழக்கம். நான்கு சக்கரம் வெளியே நிம்மதி. லிஃப்ட்டுக்குள்தான் வம்பு. உள்ளே போய்விடுவேன், திரும்ப இடம் இருக்காது, ரிவர்ஸில் பீப் பீப் என்று கத்திக்கொண்டு வெளியே வருவேன், பின்னால் நிற்பவர்கள் துள்ளி ஓடுவார்கள். வாங்கும் முன் லிஃப்ட்டின் உள்ளளவு, வாசல் அகலம், இரவில் வண்டி நிற்கப்போகும் இடம், எல்லாவற்றையும் டேப் வைத்து அளந்துவிடுங்கள். சின்ன வண்டியே சுமார் ஒரு மீட்டர் நீளம் இருக்கும், சாலைக்கான பெரிய வண்டி ஒன்றரை மீட்டரையும் தாண்டலாம்.

அடுத்து வண்டியின் வயிற்றுக்கும் தரைக்கும் உள்ள இடைவெளி. மடித்து எடுத்துப்போகும் சின்ன வண்டிகள் சிலவற்றில் இது 5 செ.மீ. கூட இருக்காது, ஒரு உயரமான வாசற்படியே தட்டி நிறுத்திவிடும். படிக்கு ரேம்ப் போடுவதாக இருந்தால் 12-க்கு 1 என்ற சரிவை வைத்துக் கணக்குப் போடுங்கள்: 15 செ.மீ. உயரத்துக்கு 180 செ.மீ. நீளம். ஏறக்குறைய 5 டிகிரி வரும். சின்ன வண்டிகள் பல 6 டிகிரி அளவுக்குத்தான் ஏறும் என்று கையேட்டிலேயே இருக்கும், அதனால் அதைவிடச் செங்குத்தாகப் போட்டால் வண்டி திணறும்.

கிலோமீட்டர் கணக்கை அப்படியே நம்பாதீர்கள். சமதளத்தில், புது பேட்டரியில், எடை குறைந்த ஆளை வைத்துச் சொல்லும் கணக்கு அது. மேடு பள்ளம், பை, சாமான் எல்லாம் சேர்ந்தால் நன்றாகவே குறையும். தாங்கும் எடையிலும் பை, ஊன்றுகோல் எல்லாம் சேர்த்தி. லெட் ஆசிட் பேட்டரியாக இருந்தால் ஓட்டிவிட்டு வந்ததும் சார்ஜில் போட்டுவிடுங்கள், தீர்ந்த நிலையில் நாள்கணக்கில் விட்டால் அதோடு சரி.

முக்கியமானதை விட்டுவிட்டேனே. பின்பக்கம் ஒரு ஃப்ரீவீல் நெம்பி உண்டு, வண்டியைக் கையால் தள்ள அதை மாற்றுவார்கள். அந்த நிலையில் தானியங்கி பிரேக் பிடிக்காது. சரிவில் ஆளை உட்கார வைத்துக்கொண்டு அதைத் தொடவே தொடாதீர்கள், வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள்.

* * *

எங்கள் அப்பா விஷயம் வேறு. பார்க்கின்சன்ஸ். ஆசையாக ஸ்கூட்டர்தான் கேட்டார், சக்கர நாற்காலி என்றாலே முகம் சுருங்கிவிடும். அன்றாட வேலைகளைச் செய்யப் பயிற்சி தரும் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் ஒருவர் ஓட்ட வைத்துப் பார்த்தார். நேராகப் போகும்போது ஒன்றும் தெரியவில்லை. ஒரு நாற்காலியைச் சுற்றி வரச் சொன்னபோது ஹேண்டிலை முழுசாகத் திருப்பத் தோள் ஒத்துழைக்கவில்லை, உடம்பு ஒரு பக்கமாகச் சரிந்தது, நெம்பியை விடவும் ஒரு நொடி தாமதமாயிற்று. அந்த ஒரு நொடியைத்தான் தெரபிஸ்ட் கவனித்தார். ஜாய்ஸ்டிக் (சாய்த்து ஓட்டும் சின்னக் குச்சி) வைத்த பவர் வீல்சேர் எழுதிக் கொடுத்தார். அதில் முதுகுக்கும் இடுப்புக்கும் பிடிமானம் சேர்க்கலாம், நோய் கூடக்கூட மாற்றிக்கொள்ளலாம். ஸ்கூட்டரில் அதற்கெல்லாம் வழி ரொம்பக் குறைவு. அப்பா ஒரு வாரம் பேசவில்லை, அப்புறம் அதிலேயே நண்பரைப் பார்க்கக் கிளம்பிவிட்டார். நாளாக ஆகக் கூடும் வியாதி என்றால், இன்றைக்கு ஓட்ட முடிகிறதே என்பதை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள்.

* * *

எல்லோருக்கும் நன்றி. ஒரு சந்தேகம், காரில் தூக்கி வைப்பது நான்தான். மடிப்பது வாங்குவதா, கழற்றுவது வாங்குவதா? விமானத்தில் விடுவார்களா?

* * *

தம்பி, மடிப்பது பார்க்க அழகாக இருக்கும், ஆனால் முழு எடையையும் ஒரே மூச்சில் தூக்க வேண்டும். லித்தியம் பேட்டரி போட்டதே பெரும்பாலும் 20 கிலோவுக்கு மேல் வரும். கழற்றுகிற வண்டியில் சீட்டு, பேட்டரி, முன்பாகம், மோட்டார் உள்ள பின்பாகம் என்று தனித்தனியாக வரும். மொத்த எடையைக் கேட்காதீர்கள், அதிலேயே கனமான துண்டு எவ்வளவு என்று கேளுங்கள், அதை உங்கள் கார் டிக்கி உயரத்துக்கு ஒருமுறை தூக்கிப் பாருங்கள். உங்களுக்கு முதுகு பிடித்துக்கொண்டால் அம்மா வெளியே போவதும் நின்றுவிடும்.

விமானத்துக்கு பேட்டரிதான் கணக்கு. கழற்றக்கூடிய லித்தியம் என்றால் ஒரே பேட்டரியாக 300 வாட் ஹவர் வரை, இரண்டாக இருந்தால் ஒவ்வொன்றும் 160 வரை என்பது ஐயாட்டா (விமான நிறுவனங்களின் சர்வதேசச் சங்கம்) விதி. வோல்ட்டையும் ஆம்பியர் ஹவரையும் பெருக்கிக்கொள்ளுங்கள்: 24 வோல்ட், 10 ஆம்பியர் ஹவர் என்றால் 240, பிரச்சினை இல்லை. அதே 24 வோல்ட்டில் 20 என்றால் 480, கழற்றிக் கையோடு எடுத்துப்போக விட மாட்டார்கள். கழற்றிய பேட்டரி கையோடு கேபினுக்குள் வர வேண்டும், லக்கேஜில் போடக்கூடாது. விமான நிறுவனத்தின் அனுமதியும் முன்கூட்டியே வேண்டும், அதனால் டிக்கெட் போடும்போதே சொல்லிவிடுங்கள், பேட்டரி மேல் உள்ள அளவைப் படம் எடுத்து ஃபோனில் வைத்துக்கொள்ளுங்கள். கவுன்டரில் கேட்பார்கள்.