திருமணம் வழி கிரீன் கார்டு நிலுவையில் இருக்கும்போது வேலை மாறியவர்கள், நடந்ததை எழுதுங்கள்

பொருநைக்காரன், டெக்சாஸ்:

பின்கதையைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன், இங்கே எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஹெச்1பி என்ற வேலை விசாவில் எனக்கு ஐந்தாவது வருடம், மனைவி இங்கேயே பிறந்த சிட்டிசன். 2024 நவம்பரில் மனைவி எனக்காகப் போடும் ஐ-130, கிரீன் கார்டுக்கு ஐ-485, வேலை அனுமதிக்கு ஐ-765, பயண அனுமதிக்கு ஐ-131 எல்லாவற்றையும் ஒரே கட்டாக அனுப்பினோம். 2025 ஏப்ரலில் வேலை அனுமதியான இ.ஏ.டி. கார்டு வந்தது, பயண அனுமதியான அட்வான்ஸ் பரோல் வரவில்லை. அதற்குள் நல்ல வேலை ஒன்று அமைந்தது. புதுக் கம்பெனி என் ஹெச்1பியைத் தன்னிடம் மாற்றிக்கொள்ளும் டிரான்ஸ்ஃபருக்கும் மனு போட்டு ரசீது வாங்கி வைத்திருந்தது. ஆக இ.ஏ.டி.யில் சேர்வது, ஹெச்1பியிலேயே தொடர்வது என்று இரண்டு வழியும் என் கையில் இருந்தன.

மே 5, திங்கட்கிழமை, முதல் நாள். வேலை செய்யும் உரிமையைச் சரிபார்க்கும் ஐ-9 படிவத்தை நிரப்ப ஹெச்ஆர் அம்மா கூப்பிட்டார். நான் பையில் இருந்த பிளாஸ்டிக் ஃபைலை அப்படியே மேசையில் வைத்தேன், பாஸ்போர்ட், நாட்டுக்குள் வந்த பதிவான ஐ-94, ஹெச்1பி ரசீது, மேலே அந்த இ.ஏ.டி. கார்டு. அவர் கார்டின் மேல் விரலை வைத்து, "இது போதுமே, ஒரே கார்டில் வேலை முடிந்துவிடும், இதையே போட்டுவிடட்டுமா?" என்று கேட்டார். நல்ல மனுஷி, உதவி செய்வதாகத்தான் நினைத்தார். நான் சரி என்றேன். ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. ஸ்கேனரில் பச்சை வெளிச்சம் ஒரு முறை போய் வந்தது, கார்டைத் திருப்பித் தந்துவிட்டார்.

சாயங்காலம் வக்கீலிடம் பேச்சுவாக்கில் சொன்னேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. அப்புறம் சொன்னார்: "இ.ஏ.டி.யைக் காட்டி வேலையில் சேர்ந்துவிட்டதால் இனி நீங்கள் ஹெச்1பியில் இருப்பதாகச் சொல்ல முடியாது. பரோல் வரும்வரை நாட்டை விட்டு வெளியே போய்விடாதீர்கள், போனால் ஐ-485ஐக் கைவிட்டதாக எடுத்துக்கொள்வார்கள்." ஹெச்1பியிலேயே இருந்திருந்தால் பாஸ்போர்ட்டில் இருந்த விசாவை வைத்துக்கொண்டு பரோல் இல்லாமலே போய் வந்திருக்கலாம். அந்த விசா இன்னும் ஒரு வருடம் செல்லும்.

ஜூலையில் பாளையங்கோட்டையில் ஆச்சி படுத்துவிட்டாள். மூன்று வாரம் இருந்தாள். வீடியோவில் பார்க்கும்போதெல்லாம் "எப்பய்யா வார?" என்ற ஒரே கேள்விதான். லீவு கிடைக்கவில்லை என்று பொய் சொன்னேன், ஏனென்றால் கார்டு, பரோல் என்றெல்லாம் அவளிடம் எப்படிச் சொல்வது? என்னை வளர்த்தவள் அவள். போக முடியவில்லை. நெய்ப்பந்தம் பிடிக்க வேண்டிய கையில் நான் போனைப் பிடித்துக்கொண்டு கேரேஜில் நின்றேன்.

எனக்கு அறிவுரை வேண்டாம், அது நடந்து முடிந்துவிட்டது. உங்களுக்கு இப்படி ஏதாவது நடந்திருந்தால் எழுதுங்கள்.

எடிசன் வாசகி:

படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எதுவும் செய்யத் தோன்றவில்லை. ஆச்சிக்கு என் அஞ்சலி.

என்னுடையது நேர்காணலில் நடந்தது. கணவர் சிட்டிசன், ஆனால் அப்போது பி.ஹெச்.டி. படித்துக்கொண்டிருந்தார், உதவித்தொகை மட்டும்தான். அதனால் வருமானத்தைக் காட்டி அவர் எனக்குப் பொறுப்பேற்கும் ஐ-864 படிவத்தில் என் சம்பளத்தையும் சேர்த்துத்தான் வறுமைக்கோட்டின் 125 சதவீதக் கணக்கைக் காட்டியிருந்தோம். நடுவில் நான் வேலை மாறினேன், ஹெச்1பி டிரான்ஸ்ஃபரில்தான், அதில் ஒரு சிக்கலும் இல்லை. நேர்காணல் நாளில் அதிகாரி என் சம்பளச் சீட்டை ஒரு கையிலும் பழைய படிவத்தை இன்னொரு கையிலும் வைத்துக்கொண்டு மாற்றி மாற்றிப் பார்த்தார். "கம்பெனி பெயர் வேறாக இருக்கிறதே" என்றார். அதுவரை கல்யாண ஆல்பத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்த முகம். கார்டு வாங்கப்போகிறவரின் வருமானத்தைச் சேர்ப்பதானால் கார்டு கிடைத்த பிறகும் அதே இடத்திலிருந்து அது தொடர வேண்டும் என்பது விதியாம், எங்களுக்கு அதை யாரும் சொல்லவில்லை. கூட்டு ஸ்பான்சர் கொண்டுவாருங்கள் என்று கடிதம் வந்தது.

யாரைக் கேட்பது? இங்கே எங்களுக்கு இருப்பது என் நாத்தனார் ஒருத்திதான். கல்யாணத்தின்போது அவளுக்கும் எனக்கும் பட்டுப்புடவை விஷயத்தில் மனத்தாங்கல், ஒன்றரை வருடமாகச் சரியான பேச்சில்லை. கணவர் கேட்கிறேன் என்றார், நான்தான் கேட்பேன் என்று போனை எடுத்தேன். நாளைக்கு எனக்கு ஒன்று ஆனால் அரசாங்கம் உன்னிடம் வரும் என்பதுவரை எல்லாவற்றையும் சொன்னேன். அவள் பேசவில்லை. பின்னால் குக்கர் விசில் அடிப்பது கேட்டது, இரண்டு விசில். அப்புறம், "எந்த வருஷத்து டாக்ஸ் பேப்பர் வேணும் அண்ணி?" என்றாள். அந்தக் குக்கர் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

நேர்வழி:

முதலில் எழுதிய நண்பர் அவசரப்பட்டுவிட்டார் என்பதைச் சொல்லியே ஆக வேண்டும். ஐ-485 போட்டு 180 நாள் முடியாமல் வேலை மாறவே கூடாது. அப்படியே மாறினாலும் அதே மாதிரி வேலையாக இருக்க வேண்டும், புது வேலையை உறுதிசெய்யும் சப்ளிமென்ட் ஜே படிவம் போட வேண்டும். நான் 2019இல் 190ஆவது நாள் வரை பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன், மேனேஜர் எல்லோர் முன்னாலும் என்னைத் திட்டின அன்றைக்குக்கூட ராஜினாமாக் கடிதத்தை டிராஃப்ட்டிலேயே வைத்திருந்தேன். பொறுமை இருந்தால் இந்தத் துன்பம் வந்திருக்காது.

சார்லட்டிலிருந்து:

நேர்வழி ஐயா, நீங்கள் சொல்வது வேலை வழி கிரீன் கார்டுக்கு. அந்த 180 நாள், அதே மாதிரி வேலை, சப்ளிமென்ட் ஜே, இவை எதுவும் கல்யாணம் வழி மனுவுக்குக் கிடையாது. அங்கே மனு போட்டது கம்பெனி, இங்கே மனு போட்டது மனைவி. வேலை மாறினால் மனைவி மாறிவிடுவாரா? ஆச்சியை இழந்த ஒருவரிடம் பொறுமை இல்லை என்று சொல்வதற்கு முன்னால் கொஞ்சம் சரிபார்த்திருக்கலாம். இதைக் கோபத்தோடுதான் எழுதுகிறேன்.

என் கதை சின்னது. புது வேலைக்காகச் சார்லட்டில் இருந்து ஆஸ்டினுக்கு வீடு மாறினோம், முகவரி மாற்றத்தைத் தள்ளிப்போட்டேன். பழைய அபார்ட்மென்ட்டில் எதிர்வீட்டு குஜராத்திப் பாட்டி ஒரு ஞாயிற்றுக்கிழமை போன் செய்து, "பேட்டா, உன் பெயரில் அரசாங்கத்துக் கடிதம் என் பெட்டியில் கிடக்கிறது, பிரிக்கட்டுமா?" என்றார். பிரித்து ஒவ்வொரு எழுத்தாக எனக்குப் படித்துக் காட்டினார். நேர்காணல் அழைப்பு, நான்கு நாள்தான் இருந்தது. தபால்காரர் பெட்டி மாற்றிப் போட்டிருக்காவிட்டால், பாட்டி கண்ணாடியைத் தேடி எடுத்திருக்காவிட்டால், போகாததற்கே மனுவைத் தள்ளுபடி செய்திருப்பார்கள்.

அதனால் வேலை மாறப்போகிறவர்களுக்குச் சொல்கிறேன், பொருநைக்காரன் அறிவுரை வேண்டாம் என்றார், இது மற்றவர்களுக்கு. வீடு மாறினால் 10 நாளைக்குள் முகவரி மாற்றப் படிவமான ஏ.ஆர்-11 போட்டுவிட வேண்டும், நிலுவையில் இருக்கும் ஒவ்வொரு மனுவின் ரசீது எண்ணிலும் புது முகவரி ஏறிவிட்டதா என்று பார்க்க வேண்டும், தபால் நிலையத்தில் முகவரி மாற்றினால் போதும் என்று இருந்துவிடாதீர்கள். ஐ-9க்கு எந்தக் காகிதத்தைக் காட்டுவது என்பது வேலைக்குச் சேருகிறவரின் விருப்பம், கம்பெனி இதைத்தான் கொடு என்று சொல்லக் கூடாது. ஹெச்1பியைக் காப்பாற்ற நினைப்பவர்கள் இ.ஏ.டி.யை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள், பையில் இருந்தால் கை தானாக நீட்டிவிடும். ஹெச்1பியில் மாறுவதானால் புதுக் கம்பெனியின் மனு போய்ச் சேர்ந்ததுமே வேலையில் சேரலாம், ஆனால் ரசீதைக் கண்ணால் பார்க்காமல் பழைய வேலையை விடாதீர்கள். இ.ஏ.டி.யில் மாறினால் கம்பெனி எத்தனை முறை வேண்டுமானாலும் மாறலாம், யாரும் மனு போட வேண்டியதில்லை, ஆனால் ஐ-485 நிராகரிக்கப்பட்டால் கீழே தாங்குவதற்கு ஹெச்1பி இருக்காது. இன்னொன்று, 2025 அக்டோபர் 30 முதல் இ.ஏ.டி.யைப் புதுப்பிக்க மனு போடுகிறவர்களுக்கு முன்பு கிடைத்த 540 நாள் தானாக நீளும் சலுகை இல்லை. காலாவதிக்கு 180 நாள் முன்பிருந்தே போடலாம், அந்த முதல் நாளே போட்டுவிடுங்கள். பழைய ஐ-797 அறிவிப்புக் கடிதங்கள், சம்பளச் சீட்டுகள் எதையும் தூக்கிப் போடாதீர்கள்.

ஃப்ரீமாண்ட் தோழி:

சார்லட் அண்ணா, நீங்கள் சொன்னது எல்லாம் சரி, ஆனால் ஒரு முக்கியமான விஷயத்தை விட்டுவிட்டீர்கள். கணவரோ மனைவியோ சிட்டிசனா, கிரீன் கார்டு வைத்திருப்பவரா என்று கேட்காமல் யாரும் பொதுவாகச் சொல்லக் கூடாது. சிட்டிசனின் துணைக்கு வரிசை இல்லை, நடுவில் ஸ்டேட்டஸ் போனாலும், முறையாக உள்ளே வந்தவராக இருந்தால் பெரும்பாலும் சமாளிக்கலாம். எங்களுக்கு அப்படி இல்லை.

என் கணவர் கிரீன் கார்டுதான். 2023 டிசம்பரில், கிரீன் கார்டு வைத்திருப்பவரின் துணைக்கான எஃப்2ஏ வரிசையில் ஐ-130 போட்டோம், வரிசைத் தேதி எங்களுக்கு வரவில்லை, ஐ-485 போட முடியாது, அதனால் இ.ஏ.டி.யும் கிடையாது. 2024 பிப்ரவரியில் காலை 9 மணிக்குப் பதினைந்து நிமிட வீடியோ கால், என் குழுவில் பதினோரு பேருக்கும் வேலை போனது. லேப்டாப்பை மூடிவிட்டுச் சமையலறைக்குப் போய், ஊரிலிருந்து அம்மா அனுப்பிய தினசரி காலண்டரில் 60 தாளை எண்ணி, அந்தத் தாளின் மூலையை மடித்து வைத்தேன். ஹெச்1பியில் வேலை போனால் அவ்வளவுதான் அவகாசம். அதற்குள் யாராவது எனக்கு ஹெச்1பி மனு போட வேண்டும், இல்லாவிட்டால் கல்யாணமாகி மூன்று மாதத்தில் நான் மதுரைக்கு, அவர் இங்கே.

தினமும் காலையில் தாளைக் கிழிப்பது கணவரின் வழக்கம். மடித்த தாள் நெருங்க நெருங்க அவர் கிழிப்பதை நிறுத்திவிட்டார். காலண்டர் ஒரே தேதியிலேயே நின்றது, இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசவில்லை. 52ஆவது நாள் ஆஃபர் வந்தது, சம்பளம் பழையதைவிடக் குறைவு, இரண்டு மணி நேரப் பயணம், சரி என்றேன். 57ஆவது நாள் புதுக் கம்பெனியின் மனு பதிவானது. அன்றைக்கு ராத்திரி அவர் நின்றுகொண்டே ஒவ்வொன்றாகக் கிழித்து, அந்த மடித்த தாளை மட்டும் பர்சில் வைத்துக்கொண்டார். 2024 கடைசியில் அவர் சிட்டிசன் ஆனதும் ஐ-485 போட்டோம். அந்தத் தாள் இன்னும் அவர் பர்சில் இருக்கிறது.

நேர்வழி:

சார்லட் நண்பர் சொன்னது சரி, என்னுடையது வேலை வழி மனு, அதையே எல்லோருக்கும் விதி என்று எழுதிவிட்டேன். பொருநைக்காரன், மன்னித்துக்கொள்ளுங்கள். ஒன்று மட்டும் கேட்கிறேன், எமர்ஜென்சி அட்வான்ஸ் பரோல் கேட்டுப் பார்க்கவில்லையா? டாக்டர் கடிதம் இருந்தால் உள்ளூர் அலுவலகத்திலேயே தருவதுண்டு.

பொருநைக்காரன்:

மன்னிப்பெல்லாம் எதற்கு, விடுங்கள். கேட்டேன். பாளையங்கோட்டை டாக்டரிடம் கடிதம் வாங்கி, மொழிபெயர்க்க வேண்டுமோ என்று பயந்தால் அவர் ஆங்கிலத்திலேயே எழுதித் தந்தார். உதவி மையத்துக்குப் போன் செய்து, அவர்கள் திருப்பிக் கூப்பிடுவதற்காக இரண்டு நாள் குளிக்கும்போதுகூட போனை உள்ளே வைத்திருந்தேன். அப்பாயின்ட்மென்ட் ஒரு புதன்கிழமைக்குக் கிடைத்தது. ஆச்சி திங்கட்கிழமை ராத்திரி போய்விட்டாள். புதன்கிழமை நான் போகவில்லை. போயிருந்தால் பதினாறாம் நாளுக்காவது போயிருக்கலாம் என்று மாமா இன்றைக்கும் சொல்கிறார். அவர் சொல்வது சரிதான், ஆனால் அன்றைக்கு என்னால் காரை எடுக்க முடியவில்லை.

பரோல் செப்டம்பரில் தபாலில் வந்தது. மனைவி கவரைப் பிரித்துப் பார்த்துவிட்டு, என்னிடம் தராமல் பீரோவில் வைத்துவிட்டாள்.

எடிசன் வாசகி, உங்களிடம் ஒரு கேள்வி. எங்களுக்கு வருகிற வியாழன் நேர்காணல். மனைவியின் சம்பளமே போதும், என்னுடையதைக் கணக்கில் சேர்க்கவில்லை. இருந்தாலும் புதுக் கம்பெனிக் கடிதம் கொண்டுபோக வேண்டுமா?

எடிசன் வாசகி:

கொண்டுபோங்கள் அண்ணா. கம்பெனித் தாளில் பதவி, சேர்ந்த தேதி, வருடச் சம்பளம், நிரந்தர வேலை என்ற வரி, இவ்வளவு போதும். கடைசி ஆறு சம்பளச் சீட்டும் வையுங்கள். எங்களிடம் வீட்டில் யார் முதலில் எழுந்திருப்பது, கடைசியாக எந்த விசேஷத்துக்குச் சேர்ந்து போனீர்கள் என்றெல்லாம் கேட்டார்கள். ஆச்சியைப் பற்றிக் கேட்டாலும் கேட்கலாம், குடும்பத்தைப் பற்றிக் கேட்பதுண்டு. தண்ணீர் பாட்டில் எடுத்துப் போங்கள், எங்களை இரண்டு மணி நேரம் உட்கார வைத்தார்கள்.