மூங்கில் புல்லாகிவிட்டதாம், இனி அரசுக் காட்டில் யாரும் வெட்டலாமாம்!

வனவர்_ஓய்வு
நேற்று மலைவாசல் என்பவர் வேறொரு இழையில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தார். "2017இலேயே மூங்கில் புல் ஆகிவிட்டது, அரசுக் காட்டில் வெட்ட யாரிடமும் அனுமதி வேண்டாம்." அதற்குப் பதினேழு பேர் லைக் வேறு. ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. 31 வருடம் காட்டில் வேலை பார்த்தவன் நான். 1927 இந்திய வனச் சட்டம், பிரிவு 2(7). மரம் என்றால் பனை வகை, மூங்கில், அடிக்கட்டை, புதர்க்கட்டை, பிரம்பு எல்லாம் சேரும். 2017 நவம்பரில் அவசரச் சட்டம் கொண்டுவந்து, டிசம்பரில் நாடாளுமன்றத்தில் திருத்தம் நிறைவேற்றி, அதிலிருந்து மூங்கில் என்ற ஒரு சொல்லை எடுத்தார்கள். யாருக்காக எடுத்தார்கள்? சொந்த நிலத்தில் மூங்கில் வைக்கிற விவசாயிக்காக. காட்டுக்குள் நிற்கிற மூங்கில் மரம்தான். நேற்றும் மரம், இன்றும் மரம்.

மலைவாசல்
எழுதியது நான்தான் ஐயா, ஒளிந்துகொள்ளவில்லை. மூங்கில் நெல், கரும்பு இனம். பள்ளிக்கூடப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும். புல்லுக்கு எதற்குப் பர்மிட்? நாளைக்கு மாட்டுக்கு அருகம்புல் பிடுங்கினாலும் சீட்டு கேட்பீர்களோ?

வனவர்_ஓய்வு
காப்புக்காட்டுக்குள் பிடுங்கினால் கேட்போம். ஆனால் மூங்கில் புல் இல்லை. மரம்.

சட்டப்புலி
ஐயா உங்களையும் அறியாமல் சரியான பதிலைச் சொல்லிவிட்டு அடுத்த வரியிலேயே கெடுத்துக்கொண்டீர்கள். அந்தச் சட்டத்தின் 2(4)ஐப் பாருங்கள். காட்டில் இருக்கிற, காட்டிலிருந்து வருகிற மரமும் வன விளைபொருள், மரமல்லாத செடி, புல், கொடி, நாணல், பாசியும் வன விளைபொருள். மூங்கிலை எந்தப் பெட்டியில் போட்டாலும் காட்டுக்குள் இருந்தால் அது வன விளைபொருள்தான், அனுமதி வேண்டும். மரமா புல்லா என்பதே இங்கே தேவையில்லாத கேள்வி. இன்னொன்று, "மூங்கில் புல்" என்று திருத்தத்தில் ஓரிடத்திலும் எழுதவில்லை. ஒரு சொல்லை நீக்கினார்கள், அவ்வளவுதான்.

மலைவாசல்
நீக்கினார்கள் என்றால் மரம் இல்லை என்று அர்த்தம். மரம் இல்லை என்றால் புல். என் வாதத்துக்கு வலு சேர்த்ததற்கு நன்றி, வக்கீல் சார்.

வனவர்_ஓய்வு
தம்பி சட்டப்புலி, நீங்கள் நேற்று வந்த பிள்ளை. கல் மூங்கில் கூப்பு, அதாவது வெட்டுக்கு ஒதுக்கிய காட்டுப் பகுதி, வெட்டிப் பார்த்திருக்கிறீர்களா? அரிவாள் பட்டால் பொறி பறக்கும். அதைப் புல் என்றால் யானை சிரிக்கும். 1996 டிசம்பர் 12, கோதவர்மன் வழக்கில் உச்ச நீதிமன்ற உத்தரவு. தமிழ்நாட்டுக் காடுகளில் மரம் வெட்ட முழுத் தடை. வழக்கு கிளம்பியதே நம் நீலகிரி கூடலூரிலிருந்துதான், டெல்லியிலிருந்து இல்லை. மரம் என்றால் மூங்கிலும்தான்.

தாளவாடிக்காரன்
எல்லாரும் 1927ஐயே பிடித்துத் தொங்கினால் எப்படி? 2006 வன உரிமைச் சட்டம் ஒன்று இருக்கிறது. அதில் மூங்கில், பிரம்பு, தேன், மெழுகு, கிழங்கு எல்லாம் சிறு வன விளைபொருள். வழிவழியாகச் சேகரித்து வந்தவர்களுக்கு எடுக்க, பயன்படுத்த, விற்க உரிமை, அதுவும் உடைமை உரிமை, பிரிவு 3(1)(இ). மலைவாசல் சொல்வது போல "யாரும்" வெட்ட முடியாது. வனவர் ஐயா சொல்வது போல "யாருமே" வெட்டக்கூடாது என்றும் இல்லை. மகாராஷ்டிராவில் கட்சிரோலி மாவட்டத்தில் மேந்தா லேகா என்ற கோண்டு பழங்குடிக் கிராமம் 2009இல் சமூக வன உரிமை வாங்கியது. மூங்கிலை வெளியே விற்க டிரான்சிட் பாஸ் (கொண்டுபோக அனுமதிச் சீட்டு) தரமாட்டோம் என்று வனத்துறைக்காரர்கள் அங்கேயும் இதே "மூங்கில் மரம்" பாட்டைத்தான் பாடினார்கள். 2011 ஏப்ரலில் அன்றைய மத்திய சுற்றுச்சூழல், வன அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் அந்த ஊருக்கே போய் பாஸ் புத்தகத்தைக் கிராம சபை கையில் கொடுத்த பிறகுதான் விற்க முடிந்தது. 2012 விதித் திருத்தத்துக்கு அப்புறம் பாஸ் தருவதே கிராம சபைக் குழுவின் வேலை.

எனக்கு ஒரே ஒரு கேள்வி. எங்கள் பக்கம் சோளகர் பழங்குடி ஊர் ஒன்றில் உரிமை மனு போட்டிருக்கிறோம். அந்தப் பாஸ் புத்தகத்தைக் கிராம சபையே அச்சடிக்கலாமா, இல்லை துறையிடம்தான் வாங்க வேண்டுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வனவர்_ஓய்வு
ஜெய்ராம் ரமேஷ் அமைச்சராக இருந்தவர், தாவரவியலாளர் இல்லை. மரம்.

மரக்கடை_அண்ணாச்சி
அமைச்சர் சொன்னால் தாவரவியல் தெரியாது, நீங்கள் சொன்னால் தெரியும்! வனவர் அண்ணே, உங்கள் "மரம்" எனக்கு எவ்வளவு செலவு வைத்தது தெரியுமா? திருத்தத்துக்கு முந்தைய கதை. மைத்துனருடைய பட்டா நிலத்து மூங்கில், கிராம நிர்வாக அலுவலர் சான்றிதழ் கையில் இருக்கிறது, லாரியை ஒரு செக்போஸ்டில் மூன்று நாள் நிறுத்தினார்கள். எந்தச் செக்போஸ்ட் என்று சொல்லமாட்டேன், இன்றும் அந்த வழியில்தான் லோடு போகிறது. சந்தனக்கட்டை அதே ரோட்டில் ராஜா மாதிரி போன காலம் உண்டு. கூடை முடைகிற மூங்கிலுக்கு மட்டும் விசில்.

வனவர்_ஓய்வு
சந்தனத்தை யார் விட்டார்கள்? வீரப்பன் காலத்தில் செத்த வனத்துறை ஆட்களின் பெயரைச் சொல்லட்டுமா? கடையில் உட்கார்ந்து கல்லாப்பெட்டி எண்ணுகிறவர்களுக்கு என்ன தெரியும்.

தாளவாடிக்காரன்
வீரப்பன் பெயரைச் சொல்லி எங்கள் மலை ஊர்க்காரர்கள் பட்ட பாட்டை, அதிரடிப்படை மீதான புகார்களை விசாரித்த சதாசிவா ஆணையம் கேட்டு எழுதியிருக்கிறது. அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

வனவர்_ஓய்வு
தலைப்பு மூங்கில். திசைதிருப்ப வேண்டாம்.

மரக்கடை_அண்ணாச்சி
திருப்பியது யாரப்பா!

பொதிகைத்தமிழன்
இதற்கெல்லாம் வெள்ளைக்காரன் சட்டத்தைப் புரட்டுகிறீர்களே, வெட்கமாக இல்லையா? தொல்காப்பியம் மரபியலில் இரண்டே வரியில் முடிந்த விஷயம். வெளிப்புறம் வைரம் பாய்ந்தது புல், உள்ளே வைரம் பாய்ந்தது மரம். மூங்கிலுக்கு உள்ளே என்ன இருக்கிறது? காற்று. ஆக, புல். டெல்லிக்காரனுக்கு இது புரிய 2017 ஆகியிருக்கிறது.

மலைவாசல்
ஆகா! போதும் ஐயா, இதற்கு மேல் யாரும் பேசக்கூடாது.

வனவர்_ஓய்வு
தொல்காப்பியர் எந்த ரேஞ்சில் வேலை பார்த்தார்?

பொதிகைத்தமிழன்
இந்த வரியை அழித்துவிட்டு மன்னிப்புக் கேளுங்கள். போன பொங்கலுக்கு ஏறுதழுவுதல் விவாதத்திலும் உங்கள் நாக்கு இப்படித்தான் நீண்டது. மறக்கவில்லை.

சட்டப்புலி
தொல்காப்பியக் கணக்குப்படி பனையும் புல்தான். நம் மாநில மரம் பனை. அப்படியானால் மாநிலப் புல் என்று அரசாணையைத் திருத்தச் சொல்வீர்களா, பொதிகையாரே? 2017 திருத்தத்தில் மூங்கிலை மட்டும்தான் எடுத்தார்கள். பனை வகையும் பிரம்பும் இன்றும் அந்தச் சட்டத்தில் மரம்தான். சட்டம் ஒரு சொல்லுக்குத் தன் வசதிக்கு ஒரு பொருள் வைத்துக்கொள்ளும். அகராதியும் இலக்கணமும் அங்கே செல்லாது.

பொதிகைத்தமிழன்
பனையைத் தொட்டால் நடப்பதே வேறு.

சும்மா_வந்தவன்
பாப்கார்ன் வாங்கி வந்துவிட்டேன். அதுவும் புல் இனம்தானே?

சட்டப்புலி
இப்போது ஒரு குண்டு போடுகிறேன். இவ்வளவு நேரமும் எல்லாரும் தமிழ்நாட்டுக் காட்டை மனதில் வைத்துத்தான் பேசுகிறோம். 1927 சட்டம் இங்கே நடைமுறையிலேயே இல்லை. இங்கே இருப்பது 1882ஆம் வருட மதராஸ் வனச் சட்டம், இன்றைய பெயரில் தமிழ்நாடு வனச் சட்டம். கேரளாவுக்கும் கர்நாடகாவுக்கும் தனித்தனிச் சட்டம். ஆக 2017இல் டெல்லியில் எடுத்த ஒரு சொல், சத்தியமங்கலத்தில் ஒரு மூங்கில் குத்தைக்கூட அசைக்காது. இழையைத் தொடங்கிய வனவர் ஐயா, 31 வருடம் எந்தச் சட்டத்தில் வழக்குப் போட்டீர்கள்?

வனவர்_ஓய்வு
1882இல்தான் போட்டேன். எனக்குத் தெரியாதா? மலைவாசல் மத்தியச் சட்டத்தை இழுத்தார், அதனால் அவர் வழியிலேயே போய்ப் பதில் சொன்னேன். மேலே என் முதல் பதிவை நிதானமாகப் படித்தால் புரியும். நீங்கள் எதையும் நிதானமாகப் படிப்பதில்லை, அதுதான் பிரச்சினை. மரம் என்பது மரம்.

மலைவாசல்
மேலே படித்தேன். 1882 என்று எங்கேயும் இல்லை.

வனவர்_ஓய்வு
உங்களுக்காக ஒவ்வொன்றையும் எழுதிக்கொண்டிருக்க முடியாது. சரி, எழுதுகிறேன், கேட்டுக்கொள்ளுங்கள். முள்மூங்கில் நாற்பது, நாற்பத்தைந்து வருடத்துக்கு ஒரு தடவை பூக்கும், பூத்தால் காடே மொத்தமாகச் சாகும். அப்போது மூங்கில் அரிசி பொறுக்க ஊரே வரும், நாங்கள் யாரையும் தடுத்ததில்லை. ஆனால் காய்ந்த கழிக்குத் தீ பிடித்தால் அணைக்க எவனும் வரமாட்டான், வாட்சர்தான் பச்சைத் தழையை ஒடித்துக்கொண்டு ஓடுவான். யானை தின்பது மூங்கில் குருத்து. "யாரும் வெட்டலாம்" என்று நீங்கள் ஒரு வரி எழுதுகிறீர்கள், அதைப் படித்துவிட்டு அரிவாளோடு ஒருவன் கிளம்பினால் மிதிபடப்போவது அவன். இதெல்லாம் புத்தகத்தில் இல்லை. மூங்கில் மரம் என்று நான் சொன்னால் அதற்குப் பின்னால் 31 வருடம் இருக்கிறது.

தாளவாடிக்காரன்
யானை பாசமெல்லாம் சரி. காகித ஆலைக்கு டன் கணக்கில் குத்தகைக்கு விட்டபோது அந்தப் பாசம் எங்கே போயிருந்தது? கர்நாடகாவில் ஆலைக்கு டன் ஒன்றரை ரூபாய்க்குக் கொடுத்தார்கள் என்று சூழலியலாளர் மாதவ் காட்கில் எழுதியிருக்கிறார். கூடை முடைகிறவன் சந்தையில் பல மடங்கு விலை கொடுத்தான். அப்போது மூங்கில் மரமா, புல்லா, இல்லை இனாமா? தமிழ்நாட்டில் வன உரிமைச் சட்டத்தையே 2008இல் உயர் நீதிமன்ற உத்தரவு ஒன்று கட்டிப்போட்டது. நீதிமன்றத்தைக் கேட்காமல் உரிமைச் சான்று தரக்கூடாது என்றார்கள். 2016இல்தான் உச்ச நீதிமன்றம் அதை விலக்கியது. எட்டு வருடம் போனது. எங்களுக்கு எல்லையில் கர்நாடகாவில் இருக்கிற பிலிகிரிரங்கன் மலைச் சோளகர்களுக்கு 2011இலேயே சமூக உரிமை கிடைத்துவிட்டது. அதே இனம், அதே காடு, நடுவில் ஒரு மாநில எல்லை.

என் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை. பாஸ் புத்தகத்தை யார் அச்சடிப்பது?

வனவர்_ஓய்வு
குத்தகை விட்டது மேலிடம். வனவர் கையெழுத்தில் ஆலை ஓடாது தம்பி. எங்களுக்கு வந்தது வெட்டிய கழியை எண்ணுகிற வேலை.

மரக்கடை_அண்ணாச்சி
எண்ணும்போது புல் என்று எண்ணினீர்களா, மரம் என்றா?

வனவர்_ஓய்வு
கழி என்று எண்ணினோம்.

மலைவாசல்
ஹா! மரத்தைக் கழிக் கணக்கில் எவன் எண்ணுவான்? தேக்கைக் கன அடியில் அளப்பீர்கள், மூங்கிலைக் கழியில் எண்ணுவீர்கள். அளவிலேயே மாட்டிக்கொண்டார். புல்.

சட்டப்புலி
நான் மூன்றாவது தடவையாகச் சொல்கிறேன், புல்லாக இருந்தாலும் காட்டுக்குள்...

மலைவாசல்
வக்கீல் சார், பெரியவர்கள் பேசும்போது குறுக்கே வராதீர்கள்.

பொதிகைத்தமிழன்
மன்னிப்பு இன்னும் வரவில்லை.

தாளவாடிக்காரன்
பாஸ் புத்தகம்?

வனவர்_ஓய்வு
அதை அப்புறம் பார்க்கலாம் தம்பி, முதலில் இது முடியட்டும். என் பழைய குற்ற வழக்குப் பதிவேட்டின் நகல் பரணில் கிடக்கிறது. நாளைக் காலை இறக்கிப் படம் எடுத்துப் போடுகிறேன். "வெட்டப்பட்ட மரம்: மூங்கில், 14 கழி" என்று கையெழுத்தோடு இருக்கிறது. அப்போது என்ன சொல்வீர்கள் என்று பார்க்கிறேன்.

மரக்கடை_அண்ணாச்சி
கையெழுத்து யாருடையது அண்ணே?

வனவர்_ஓய்வு
என்னுடையதுதான்.