அலுமினியம் டிரே ஏத்தின பிக்கப்: ஒரே இடத்துல திரும்பத் திரும்ப வெல்டிங் விடுது, உதவி தேவை

காட்டுப்பாதை:

எல்லாருக்கும் வணக்கம். வண்டி டபுள் கேபின் பிக்கப், லேடர் சேஸிஸ் (ஏணி மாதிரி ரெண்டு நீள ரயிலும் குறுக்குச் சட்டமும்), பின்னாடி லீஃப் ஸ்பிரிங். ஆஃப்-ரோடுக்காக கம்பெனி தொட்டியைக் கழட்டிட்டு தட்டையான அலுமினியம் டிரே ஏத்தியிருக்கேன். நீளம் 1800 மி.மீ. நீளவாக்குல ரெண்டு 100×50 பாக்ஸ் ரன்னர், அதுமேல அஞ்சு குறுக்குச் சட்டம், அதுக்கு மேல 3 மி.மீ. செக்கர் பிளேட். ரன்னரும் சட்டமும் 6061-டி6 (சூடுபடுத்திப் பலம் ஏத்தின அலுமினியக் கலவை). சேஸிஸ்ல எட்டு பிராக்கெட், எட்டுலயும் எம்12 போல்ட், நடுவுல 10 மி.மீ. ரப்பர் துண்டு. பட்டறையில எல்லாத்தையும் நல்லா இறுக்கித்தான் கொடுத்தாங்க.

தார் ரோட்டுல ஒரு குறையும் இல்ல. பள்ளம் மேடுன்னு இறங்கினாதான் பிரச்சினை. முன்னாடி இருந்து ரெண்டாவது குறுக்குச் சட்டம் வலது ரன்னரோட சேர்ற இடத்துல வெல்டிங் ஓரமா முடி மாதிரி ஒரு விரிசல். அதை அரைச்சு எடுத்துட்டு மறுபடி வெல்டிங் வச்சாங்க. இப்போ அந்தப் புது வெல்டிங் அப்படியே இருக்கு, அதுக்குப் பக்கத்துல ஒரு விரல் தள்ளி புதுசா விட்டிருக்கு.

இன்னொண்ணு, ஹெட்போர்டோட (டிரே முன்பக்கம், கேபினுக்குப் பின்னாடி நிக்கிற சட்டம்) மேல் பைப் கேபின் கூரைக்கு மேல கொஞ்சம் நீண்டிருக்கும். அது வலது மூலையில இடிச்சு இடிச்சு பெயிண்ட் போய் தகரம் தெரியுது. சமதளத்துல நிறுத்திப் பார்த்தா ரெண்டு பக்கமும் 25 மி.மீ. இடைவெளி சரியா இருக்கு.

இதோட சம்பந்தம் இருக்கான்னு தெரியல, ஆனா டிரே மாட்டின பிறகுதான் வந்துச்சு: பிரேக் மிதிச்சா பின் இண்டிகேட்டர் மங்கலா எரியுது. பங்க்ல டீசல் போடும்போது ஊத்துற துப்பாக்கி அடிக்கடி தானா கட் ஆகுது.

விரிசல்தான் முதல் கவலை. இன்னும் தடிமனான சட்டம் போடணுமா?

பற்றவைப்பு:

நண்பா, விரிசல் விட்ட மூலையில 6 மி.மீ. முக்கோணத் தகடு வச்சு ரெண்டு பக்கமும் வெல்டிங் போட்டுடுங்க. வெல்டிங்ல உருக்கி நிரப்புற ஃபில்லர் கம்பி 5356 ரகம் போடச் சொல்லுங்க, 4043 ரகத்தை விட ஷியர் (வெட்டுற மாதிரி வர்ற விசை) தாங்கும். விரிசல் முடியிற நுனியில 3 மி.மீ. ஓட்டை போட்டுட்டு அப்புறம் அரைக்கணும், இல்லன்னா அது உள்ளுக்குள்ள ஓடிக்கிட்டே இருக்கும்.

பாடிகட்டுபவர்:

மேல சொன்ன ஓட்டையும் கம்பியும் சரி. ஆனா தகடு வைக்கிறதுக்கு முன்னாடி கொஞ்சம் பொறுங்க தம்பி. அந்த மூலை பலம் இல்லாததால உடையல. வண்டியோட முறுக்கு மொத்தமும் அங்க வந்து சேருது, அதனால உடையுது. அங்க தகடு வச்சா அடுத்த மூலைக்குப் போகும். புது வெல்டிங் நின்னு பக்கத்துல விட்டிருக்குன்னு நீங்களே எழுதியிருக்கீங்க பாருங்க, அதுவே சாட்சி. 6061-டி6-ல வெல்டிங் சூடு பட்ட பட்டை கிட்டத்தட்ட பாதி பலத்தை இழந்துடும். ஒவ்வொரு தடவை சூடு வைக்கும்போதும் அந்தப் பலவீனமான பட்டை இன்னும் அகலமாகும்.

லேடர் சேஸிஸ் முறுக்கிக்கொடுக்கத்தான் செஞ்சிருக்காங்க. எதிரெதிர் மூலைச் சக்கரங்கள் மேட்டுல ஏறும்போது முன்பாதி ஒரு பக்கமும் பின்பாதி மறுபக்கமும் சாயும். கம்பெனி தொட்டி அதுகூடவே கொஞ்சம் நெளிஞ்சு கொடுக்கும். உங்க டிரே பாக்ஸ் ரன்னரும் பிளேட்டும் ஒண்ணா வெல்டிங் ஆன விறைப்பான பலகை. அதை எட்டு இடத்துல இறுக்கினா, சேஸிஸ் திரும்பணும்னா டிரேயும் திரும்பியே ஆகணும். ஸ்டீலுக்கு, அழுத்தம் ஒரு அளவுக்குக் கீழ இருந்தா எத்தனை தடவை வளைச்சாலும் உலோகக் களைப்பு (திரும்பத் திரும்ப வளைஞ்சு விரிசல் விடுறது) வராதுங்கிற ஒரு எல்லை உண்டு. அலுமினியத்துக்கு அப்படி எல்லையே கிடையாது. சின்னச் சின்ன முறுக்கா இருந்தாலும் கணக்கு ஏறிக்கிட்டே போய் ஒருநாள் விட்டுடும்.

நான் சொல்றதை நம்பவேண்டாம், அளந்து பாருங்க. சமதளத்துல நிறுத்தி, முன் வலது சக்கரத்துக்கும் பின் இடது சக்கரத்துக்கும் கீழ மட்டும் உறுதியான கட்டை கொடுத்து ஏத்துங்க. ஹேண்ட் பிரேக் போட்டு, மத்த ரெண்டு சக்கரத்துக்கும் முட்டு வையுங்க. கேபின் கூரைக்கும் அந்தப் பைப்புக்கும் இடைவெளியை ரெண்டு மூலையிலயும் எடுங்க. பிறகு முன்பக்க நாலு போல்ட்டையும் நல்லா லூஸ் பண்ணிட்டு அதே மாதிரி ஏத்தி, முன் பிராக்கெட்டுக்கும் ரன்னருக்கும் நடுவுல எவ்வளவு வாய் பிளக்குதுன்னு பாருங்க. வண்டி கட்டை மேல நிக்கிறப்போ தலையைக் கீழ விடாதீங்க, வெளியில இருந்தே டார்ச் அடிச்சு அளக்கலாம்.

போல்ட்டைச் சுத்தி ஏதாவது பொடி இருக்கான்னும் கவனிங்க. என்ன நிறம்னு சொல்லுங்க.

காட்டுப்பாதை:

அண்ணா, அளந்துட்டேன். எல்லா போல்ட்டும் இறுக்கமா இருக்கும்போது கட்டை மேல ஏத்தினா வலது மூலையில 7 மி.மீ., இடது மூலையில 42. அந்த ரெண்டு மூலைக்கும் நடுவுல 1300 மி.மீ. தூரம். முன்பக்க நாலு போல்ட்டை விட்டுட்டு ஏத்தினா இடது முன் பிராக்கெட்டுல 16 மி.மீ. வாய் பிளக்குது. வலது பக்கம் ரப்பரை நசுக்கிக்கிட்டு உக்காந்திருக்கு. சேஸிஸ் ரெண்டு ரயிலுக்கும் நடுவுல 800 மி.மீ.

பொடி இருக்கு. முன்பக்க போல்ட்டுகளைச் சுத்தி கருப்பா, தொட்டா விரல்ல மை மாதிரி ஒட்டுது. பின்னாடி ஒரு பிராக்கெட்டுல ரப்பர் நகர்ந்து ஸ்டீலும் அலுமினியமும் நேரா தொடுது, அங்க மட்டும் வெள்ளையா உப்பு பூத்த மாதிரி இருக்கு.

பாடிகட்டுபவர்:

எல்லாம் தெளிவாயிடுச்சு. 1300-க்கு 35 மி.மீ. வித்தியாசம்னா ஒன்றரை டிகிரி. அவ்வளவு இறுக்கியும் கேபினுக்கும் டிரேக்கும் நடுவுல ஒன்றரை டிகிரி திரும்புது. விட்டுப் பார்த்தப்போ 800-க்கு 16, அதாவது ஒரு டிகிரிக்கு மேல. இந்த 16 மி.மீ.யைத்தான் உங்க டிரே இத்தனை நாளா வெல்டிங்கால தாங்கிக்கிட்டு இருந்துச்சு. 10 மி.மீ. ரப்பர் இறுக்கின பிறகு ரெண்டு மூணு மி.மீ. கொடுக்கும், அவ்வளவுதான்.

கருப்புப் பொடி அலுமினியம் உரசி உரசி வர்றது, அங்க அசைவு இருக்குன்னு அர்த்தம். வெள்ளைப் பொடி வேற சமாச்சாரம். ஈரத்துல ஸ்டீலோட ஒட்டினா அரிக்கப்படுறது அலுமினியம்தான். அங்க இருக்கிற ரப்பரை மாத்துங்க, போல்ட் தண்டுக்கும் நைலான் புஷ் போடுங்க. போல்ட் வழியா தொட்டாலும் அரிப்பு வரும், நிறைய பேர் அதை விட்டுடுவாங்க.

இனி மாட்டுற முறை. லாரிக்குப் பாடி கட்டுறவங்க செய்யிற வழிதான்: பின் அச்சுக்குப் பக்கத்துல உறுதியா பிடி, முன்னாடி ஸ்பிரிங் கொடு. பின்பக்க நாலு பிராக்கெட் இப்போ இருக்கிற மாதிரியே இறுக்கமா இருக்கட்டும். முன்பக்கத்துல ஒரு பக்கத்துக்கு ஒரு ஸ்பிரிங் போல்ட் போதும். நீளமான போல்ட் ரன்னர் பிராக்கெட் வழியா இறங்கி சேஸிஸ் பிராக்கெட் வழியா கீழ வரும். கீழ கம்ப்ரெஷன் ஸ்பிரிங் (அமுங்குற சுருள்), கப் வாஷர், நைலாக் நட் (தானா கழலாத நட்). டிரே சாதாரணமா சேஸிஸ் மேல படிஞ்சு உக்காரும். முறுக்கு வரும்போது ஒரு பக்கம் மேல எழும்ப ஸ்பிரிங் வழிவிடும். 16 தேவைன்னா, சுருள் ஒண்ணோட ஒண்ணு முட்டுறதுக்கு முன்னாடி குறைஞ்சது 25 மி.மீ. மிச்சம் இருக்கிற ஸ்பிரிங்கா எடுங்க. வண்டி சும்மா நிக்கும்போதே அந்த மூலையில டிரேயோட எடைக்குச் சமமா ஸ்பிரிங் அழுத்திப் பிடிச்சிருக்கணும், இல்லன்னா சின்ன குலுக்கலுக்கே தடதடன்னு தட்டும். ரன்னர் முழு நீளத்துக்கும் சேஸிஸ் மேல ரப்பருக்குப் பதிலா கெட்டியான பிளாஸ்டிக் பட்டை கொடுங்க, தேய்மானம் குறைவு.

முக்கியமா ஒண்ணு. ஸ்பிரிங் போல்ட் மேல கீழதான் போகணும். முன்னே பின்னே தள்ளுறதையும் பக்கவாட்டு உதைப்பையும் அது தாங்கக்கூடாது. முன்னே பின்னே தள்ளுறதை பின் பிராக்கெட்டுகள் பார்த்துக்கும். பக்கவாட்டுக்கு சேஸிஸ் வெளிப்பக்கமா ரெண்டு பக்கமும் வழிகாட்டித் தகடு வச்சு, உரசுற முகத்துல நைலான் ஒட்டுங்க. இதை விட்டா போல்ட் ஓட்டை நீள்வட்டமாயிடும்.

பற்றவைப்பு:

அண்ணன் சொல்றது சரியா படுது, முதல்ல அசைவுக்கு வழி பண்ணுங்க. அதுக்கு அப்புறம் அந்த மூலைக்கு நான் சொன்ன தகடு வெல்டிங்ல வேண்டாம், முனை உருட்டின தகடா வெட்டி ரிவெட்டோ போல்ட்டோ போடுங்க. இன்னொரு சூடு அந்த இடம் தாங்காது. மத்த மூலைகளையும் டை பெனிட்ரன்ட் அடிச்சுப் பாருங்க. சிவப்பு மருந்தைப் பூசி ஊறவிட்டு, சுத்தமா துடைச்சு, வெள்ளை டெவலப்பர் அடிச்சா கண்ணுக்குத் தெரியாத விரிசல் சிவப்புக் கோடா எழும்பி நிக்கும்.

காட்டுப்பாதை:

ரொம்ப நன்றி. ஸ்பிரிங் போல்ட்டுக்கு சேஸிஸ்ல புது ஓட்டை போடலாமா? பழைய தொட்டியோட ஓட்டை கொஞ்சம் தள்ளி இருக்கு.

பாடிகட்டுபவர்:

முடிஞ்சவரை பழைய ஓட்டையையே பிடிச்சு பிராக்கெட்டை வளைச்சு வாங்க. போட்டே ஆகணும்னா ரயிலோட செங்குத்து முகத்துல, நடு உயரத்தை ஒட்டி மட்டும். மேல் கீழ் பட்டையில ஓட்டை வேண்டவே வேண்டாம், வளைவோட அழுத்தம் முழுக்க அங்கதான் இருக்கும். சேஸிஸ்ல வெல்டிங்கும் வேண்டாம். வண்டியில வேற எங்க வெல்டிங் வச்சாலும் பேட்டரியைக் கழட்டிட்டு வையுங்க.

டயரையும் பாருங்க. இப்போ டிரே எழும்பும், ஆனா பின் அச்சு பக்கம் அதே உயரம்தான். டயருக்கு மேல டிரே அடியில களிமண் உருண்டை ஒட்டிட்டு, பின் சக்கரம் பம்ப் ஸ்டாப் (அச்சு மேல ஏறுறதைத் தடுக்கிற ரப்பர் முட்டு) முட்டுற வரைக்கும் ஒரு பக்கமா ஏத்துங்க. உருண்டை எவ்வளவு தட்டையாகுதுன்னு பார்த்தா மிச்ச இடம் தெரிஞ்சுடும்.

கம்பியிழை:

லைட்டும் டீசலும் கவனிக்காம போயிடக்கூடாதுன்னு எழுதறேன். தொட்டி இருந்தப்போ டெயில் லைட் எர்த் (கரண்ட் பேட்டரிக்குத் திரும்பிப் போற வழி) ஏதோ ஒரு வழியா பாடியில போய்ச் சேர்ந்திருக்கும். இப்போ டிரே ரப்பர் மேல உக்காந்திருக்கு. இனி நைலான் புஷ் போட்டா போல்ட் வழியா இருந்த கொஞ்சநஞ்ச தொடர்பும் போயிடும். பிரேக் லைட் கரண்ட் திரும்பிப்போக எர்த் கிடைக்காம இண்டிகேட்டர் பல்பு வழியா வழி தேடுது, அதான் மங்கலா எரியுது. ஒவ்வொரு லைட்டுல இருந்தும் தனியா எர்த் கம்பி எடுத்து, சேஸிஸ்ல பெயிண்டைச் சுரண்டி பளிச்னு தெரியிற இடத்துல இறுக்குங்க. டிரேயையே எர்த்தா நம்பாதீங்க.

டீசல் துப்பாக்கி கட் ஆகுறது பெரும்பாலும் காத்துக் குழாயால. டீசல் ஊத்துற ஃபில்லர் வாயை டிரே ஓரத்துக்கு மாத்தினப்போ பக்கத்துல போற சின்ன வென்ட் ஹோஸ் நடுவுல தொங்கியிருக்கும். அந்தத் தொங்கல்ல டீசல் தேங்கினா டேங்க்ல இருக்கிற காத்து வெளிய வர வழி இல்ல, டீசல் மேல எகிறி துப்பாக்கியை நிறுத்திடும். டேங்க்ல இருந்து ஃபில்லர் வாய் வரைக்கும் ரெண்டு குழாயும் ஏறுமுகமாவே போகணும். ஃபில்லர் வாய் உலோகமா இருந்தா அதுக்கும் சேஸிஸுக்கும் ஒரு எர்த் கம்பி கட்டாயம். ஸ்டாட்டிக் கரண்டோட விளையாடக்கூடாது.

காட்டுப்பாதை:

வென்ட் ஹோஸ் நீங்க சொன்ன மாதிரியே தொங்கிக்கிட்டு இருந்துச்சு, வெட்டிக் குறைச்சுட்டேன், இப்போ தடையில்லாம இறங்குது. எர்த் கம்பி போட்டதும் லைட்டும் சரி. ஸ்பிரிங் போல்ட் போட்டு அதே கட்டை மேல ஏத்திப் பார்த்தேன். முன் இடது மூலை எழும்புது, இறக்கினா சத்தமில்லாம படியுது, குறுக்குச் சட்டத்துல எந்த நெளிவும் தெரியல. ஆனா வலது பக்கம் பைப் இன்னும் கூரையை நெருங்குது, 4 மி.மீ.தான் மிச்சம்.

கடைசியா ஒரு சந்தேகம். ஸ்டெப்னியை டிரேயோட கடைசி முனையில நிறுத்தியிருக்கேன். பின் அச்சுல இருந்து 1.1 மீட்டர் பின்னாடி. டயரோட எடை 35 கிலோ. பரவாயில்லையா?

பாடிகட்டுபவர்:

பைப் நெருங்கத்தான் செய்யும். கேபின் சேஸிஸ் முன்பாதியோட போகுது, டிரே பின்பாதியோட நிக்குது. முன்னாடி டிரே சேஸிஸைக் கொஞ்சம் பிடிச்சு வச்சிருந்துச்சு, இப்போ விட்டாச்சு. கூரைக்கு மேல நீண்டிருக்கிற பகுதியை வெட்டிடுங்க, இல்லன்னா ஹெட்போர்டை இன்னும் 40 மி.மீ. உயர்த்துங்க. கேபின் ரப்பர் புஷ் மேல தனியா ஆடும், அதுக்கும் இடம் வேணும்.

ஸ்டெப்னி கணக்கு: வீல்பேஸ் 3.1 மீட்டர்னு வச்சா, அச்சுக்கு 1.1 மீட்டர் பின்னாடி இருக்கிற 35 கிலோ, பின் அச்சுல 47 கிலோவா ஏறும், முன் அச்சுல இருந்து 12 கிலோவைத் தூக்கிடும். ஸ்டெப்னி மட்டும்னா பெரிசா தெரியாது. ஆனா அதே முனையில தண்ணி கேனும் டூல் பெட்டியும் சேர்ந்தா ஏத்தத்துல ஸ்டீயரிங் லேசாகும், பின்பக்க பிராக்கெட்டுகள்ல உதைப்பும் கூடும். ஸ்டெப்னியை ஹெட்போர்டுக்குப் பின்னாடி படுக்க வையுங்க, முனையில லேசான சாமான் மட்டும் இருக்கட்டும். வண்டியை லிஃப்ட் பண்ணியிருந்தீங்கன்னா பின் அச்சுல இருந்து சேஸிஸுக்குப் போற பிரேக் வால்வு கம்பி (சுமைக்கு ஏத்த மாதிரி பின் பிரேக்கை மாத்துறது) இருக்கான்னு பாருங்க. உயரம் கூடினா அது வண்டி காலியா இருக்குன்னு எடுத்துக்கிட்டு பின் பிரேக்கைக் குறைச்சுடும். சேஸிஸ்ல அந்த வால்வு மாட்டியிருக்கிற பிராக்கெட்டையும் அதே அளவுக்கு இறக்கணும்.

முதல் தடவை கரடுமுரடு போயிட்டு வந்ததும் பின்பக்க போல்ட் எல்லாத்தையும் மறுபடி இறுக்கிப் பாருங்க. ஸ்பிரிங் நட்டை மட்டும் இறுக்காதீங்க, இப்போ இருக்கிற இடத்துல பெயிண்ட்ல ஒரு கோடு போட்டு வச்சுட்டா நகர்ந்திருக்கான்னு பார்த்ததும் தெரியும்.