சீனத்தில் ‘மை’: வாங்குவதா, விற்பதா, புதைப்பதா?

கேள்வி

மாண்டரினில் (பொதுச் சீனத்தில்) ‘மா’ என்ற ஒரே அசை தொனி, அதாவது குரலின் ஏற்ற இறக்கம், மாறினால் 1 முதல் 4 வரை முறையே அம்மா, சணல், குதிரை, திட்டு என்று நாலு பொருள் தரும் என்பது புரிகிறது. தனித்தனியாகச் சொன்னால் காதுக்கும் பிடிபடுகிறது. வாக்கியத்துக்குள் வந்தால் மட்டும் 2-ஆம் தொனியும் 3-ஆம் தொனியும் ஒன்றுபோலக் கேட்கின்றன. கேள்வியாகக் கேட்டால் எதிரே இருப்பவர் விழிக்கிறார். சுருதி ஞானம் இல்லாதவர்களுக்கு இது வராதா?

பதில் 1

சுருதி ஞானம் தேவையில்லை. பாட்டில் ‘ஸ’ ஓரிடத்தில் நிற்கும். தொனிக்கு அப்படி நிலையான இடம் கிடையாது. அவரவர் குரலின் அடிக்கும் உச்சிக்கும் நடுவில்தான் கணக்கு. அந்த இடைவெளியை 1930-இல் மொழியியலாளர் யுவென் ரென் சாவ் 5 படிகளாகப் பிரித்தார்: 1 அடி, 5 உச்சி. குரல் எந்தப் படியில் தொடங்கி எதில் முடிகிறது என்று வரிசையாக எழுதுவார்கள். அதன்படி முதல் தொனி 55, இரண்டாவது 35, மூன்றாவது 214, நான்காவது 51. குழந்தையின் 5-உம் தாத்தாவின் 5-உம் வேறு சுருதி, ஆனால் சொல் ஒன்றே. நமக்குக் கல், கால் என்று நீளம் செய்யும் வேலையை அங்கே குரலின் போக்கு செய்கிறது.

உங்களைக் குழப்புவது அந்த 214. தனியாகவோ வாக்கியக் கடைசியிலோதான் அது இறங்கி ஏறும். பின்னால் வேறு தொனி வந்தால் 21-ஓடு நின்றுவிடும். பாடப்புத்தகத்தை நம்பி ஒவ்வொரு முறையும் வாலை ஏற்றினால் 2-ஆம் தொனியாகவே கேட்கும். மூன்றாவதைத் ‘தாழ்வு’ என்று மட்டும் மனதில் வையுங்கள்.

புணர்ச்சியும் உண்டு. 3+3 சேர்ந்தால் முதலாவது 2 ஆகும்: நீ3 ஹாவ்3 (வணக்கம்; எண் தொனியைக் குறிக்கும்) என்பது வாயில் நீ2 ஹாவ்3. எழுத்தில் மாறாது. ‘ஷுய்ஜியாவ்’ 2-3 என்று ஒலித்தால் கொழுக்கட்டை மாதிரியான பண்டம். 4-4 என்றால் தூக்கம்.

பதில் 2

கேள்வியில் தடுமாறுவதற்குக் காரணம் தமிழ்ப் பழக்கம். “வந்தாச்சு?” என்று கடைசியைத் தூக்குகிறோம். எடுத்தல் (உயர்த்துதல்), படுத்தல் (தாழ்த்துதல்), நலிதலால் (இடைநிலையில் ஒலித்தலால்) வரும் திரிபு ‘சிறிது’ என்று நன்னூலே சொல்கிறது. நம் ஏற்ற இறக்கம் பேசுபவரின் மனநிலையைக் காட்டும், சொல்லை மாற்றாது. ஆனால் மை4 (விற்பது) என்பதைத் தூக்கிக் கேட்டால் மை2, அதாவது புதைப்பது, ஆகிவிடும். மை3 வாங்குவது.

கேள்விக்குக் கடைசியில் தொனியற்ற ‘மா’ சேர்ப்பார்கள். அதன் உயரத்தை முந்தைய அசை தீர்மானிக்கும்: மை3-க்குப் பின் ‘மா’ 4-ஆம் படியில், மை4-க்குப் பின் 1-ஆம் படியில். நீங்களாக ஏற்ற வேண்டாம்.

ஒற்றை அசையை விட்டுவிட்டு இரட்டைகளைப் பழகுங்கள். 4×4 = 16; 3+3, 2+3 ஒன்றாகிவிடுவதால் காதுக்கு 15. பதிவுசெய்து பிராட் (Praat) என்னும் ஒலி ஆய்வு மென்பொருளில் சுருதிக் கோட்டைப் பாருங்கள். சுருதி எல்லையாக ஆண் குரலுக்கு 75–300 ஹெர்ட்ஸ், பெண் குரலுக்கு 100–500 வையுங்கள். 3-இன் அடியில் கோடு அறுந்தால் பதற வேண்டாம். குரல் கரகரத்தால் மென்பொருளுக்குப் பிடிபடாது. கைபேசியின் குரல்வழித் தட்டச்சில் முழு வாக்கியம் சொல்லிச் சோதிப்பது வீண். தொனி தப்பினாலும் சூழலை வைத்து அது சரியாக ஊகித்துவிடும்.

பதில் 3

ஒன்றைச் சேர்க்கிறேன். குறிப்பைத் தமிழ் எழுத்தில் எடுத்தால் பக்கத்தில் எண் போடுங்கள். இல்லையென்றால் குட்டையான 4-ஐ ‘ம’ என்றும் நீண்ட 3-ஐ ‘மா’ என்றும் எழுதத் தோன்றும். பிறகு நீளம்தான் நினைவில் நிற்கும்.

தொனி சீனத்தின் தனிச்சொத்தும் அல்ல. பஞ்சாபியில் ‘கோடா’ தாழ்ந்தால் குதிரை, சமமாக நின்றால் சாட்டை, உயர்ந்தால் தொழுநோயாளி. இந்தியின் ‘கோடா’வில் (குதிரை) உள்ள மூச்சு கலந்த ககரம் அங்கே தேய்ந்துபோய், அதன் இடத்தில் தாழ்ந்த தொனி மிஞ்சியது.

கேட்டவர்

3-ஆம் தொனி வரிசையாக மூன்று வந்தால்?

பதில் 1

எது எதோடு சேர்கிறது என்பதைப் பொறுத்தது. ‘கண்காட்சி அரங்கு’ என்பதற்கான ஜான்-லான்-குவானில் முதல் இரண்டும் ஒரு சொல், அதனால் 2-2-3. ‘நான் நலம்’ என்னும் வோ-ஹென்-ஹாவில் பின்னிரண்டும் சேரும். நிதானமாகச் சொன்னால் 3-2-3, வேகத்தில் இதுவும் 2-2-3.