புதிதாகப் பெயிண்ட் அடித்த கார் கதவில் ஆரஞ்சுத் தோல் போன்ற நெளிவு: தேய்த்துச் சரிசெய்யலாமா?

கேள்வி

கீறல் விழுந்திருந்த என் காரின் முன்கதவுக்கு மூன்று வாரங்களுக்கு முன்பு பட்டறையில் முழுவதுமாகப் பெயிண்ட் அடித்து வாங்கினேன். நிறம் நன்றாகவே பொருந்தியிருக்கிறது. ஆனால் டியூப்லைட் வெளிச்சத்தில் நிறுத்திப் பார்க்கும்போது, பக்கத்து ஃபெண்டரில் (முன்சக்கரத்துக்கு மேலுள்ள தகட்டில்) ஒரே கோடாகத் தெரியும் விளக்கின் பிம்பம், கதவுக்கு வந்ததும் ஓரம் நெளிந்து ஆரஞ்சுத் தோலைப் போலத் தெரிகிறது. வாட்டர் பேப்பர் போட்டுத் தேய்த்துப் பாலிஷ் செய்தால் போய்விடும் என்கிறார்கள். மேலே அடித்திருக்கும் நிறமற்ற பூச்சான கிளியர் கோட் தேய்ந்து அடியிலுள்ள நிறம் வெளிப்பட்டுவிடுமோ என்று அஞ்சுகிறேன். அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

மறுமொழி 1

ஐயா, உங்கள் அச்சம் நியாயமானது. பெயிண்ட் வேலையையே தொழிலாகச் செய்பவன் என்ற முறையில் சொல்கிறேன். கிளியர் கலவை கெட்டியாக இருந்தாலோ, காற்றழுத்தம் குறைந்திருந்தாலோ, ஸ்ப்ரே கன்னைத் தள்ளிப் பிடித்திருந்தாலோ, வெயில் நேரத்தில் விரைவாக உலரும் தின்னரைக் கலந்திருந்தாலோ, துளிகள் ஒன்றோடொன்று கலந்து பரவுவதற்குள் இறுகிவிடும்; நீங்கள் காணும் நெளிவு அதுதான். மேடு கிளியர் கோட்டில் மட்டும் இருந்தால் தேய்த்துச் சமப்படுத்தலாம்.

முதலில் எத்தனை கோட் கிளியர் அடித்தார்கள் என்று கேளுங்கள். இரண்டு நல்ல கோட் என்றால் ஏறத்தாழ 50 மைக்ரான் இருக்கும். ஒரு தலைமுடியின் தடிமனைவிடக் குறைவு. தடிமன் அளக்கும் கருவி பிரைமர், பட்டி உட்பட எல்லாவற்றையும் சேர்த்தே காட்டுவதால், அதன் மொத்த எண்ணை மட்டும் நம்பக் கூடாது. தேய்ப்பதற்கு முன் ஓர் இடத்தில் அளந்து, இடையிடையே அதே இடத்தில் அளந்து, எவ்வளவு குறைந்தது என்பதைத்தான் கவனிக்க வேண்டும். 10 மைக்ரான் குறைந்ததும் நான் நிறுத்திவிடுவேன். வெயிலைத் தாங்கும் சக்தி கிளியரில்தான் இருக்கிறது.

வெறும் விரலால் அழுத்தித் தேய்த்தால் விரல் தடம் பள்ளமாக விழும். கட்டை வைத்து, சோப்பு நீர் விட்டு, 1500 எண் பேப்பரால் மென்மையாகத் தேய்க்க வேண்டும். பிறகு துடைத்து உலரவிட்டுச் சாய்வாகப் பாருங்கள். மேடுகள் மங்கிச் சாம்பல் பூத்திருக்கும், பள்ளங்கள் மட்டும் ஊசிமுனைப் புள்ளிகளாக மின்னும். புள்ளிகள் மறைந்தால் சமமாகிவிட்டது என்று பொருள். அதன்பின் இன்னும் நுண்ணிய 2000, 3000 எண் பேப்பர்களால் முந்தைய கோடுகளை எடுத்துவிட்டுக் காம்பவுண்ட் (பாலிஷ் பசை) போடலாம். வழியும் நீர் பால் போல வெள்ளையாக இருக்கும்வரை கவலையில்லை. வண்டியின் நிறம் கலந்து வந்தால் அந்தக் கணமே கையை எடுத்துவிட வேண்டும், ஏனெனில் அதன்பின் மறுபடி பெயிண்ட் அடிப்பதைத் தவிர வழி கிடையாது.

மறுமொழி 2

மேலே சொன்னது அனைத்தும் சரி. ஒன்றை மட்டும் சேர்க்க விரும்புகிறேன். கதவின் ஓரங்களிலும் மடிப்புக் கோட்டிலும் பெயிண்ட் மெல்லியதாகவே படிந்திருக்கும், தேய்ப்பின் அழுத்தமும் அங்கேதான் குவியும். அவற்றின் மீது டேப் ஒட்டிவிட்டுத் தேய்க்கச் சொல்லுங்கள்.

இன்னொன்றும் உண்டு. தொழிற்சாலையிலிருந்து வரும் புது வண்டியிலும் இலேசான ஆரஞ்சுத் தோல் இருக்கும். உங்கள் கதவைக் கண்ணாடியைப் போல் தட்டையாக்கிவிட்டால், பக்கத்துப் பாகங்களுக்கு நடுவே அது தனியாகத் துருத்தித் தெரியும். ஆகவே ஃபெண்டரை அளவுகோலாக வைத்து, அதன் நெளிவுக்கு வந்ததும் நிறுத்துவதே என் கருத்து. எல்லாப் புள்ளிகளும் மறையும்வரை தேய்க்கத் தேவையில்லை.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் நன்றி. விசாரித்தேன், இரண்டு கோட் கிளியர் அடித்ததாகச் சொன்னார்கள். கதவின் கீழ்ப்பகுதியில் உள்ளங்கை அளவு இடத்தில் மட்டும் என் முன்னிலையிலேயே தேய்த்துக் காட்டச் சொன்னேன். 1500 பேப்பரில் புள்ளிகள் பாதி மறைந்த நிலையில் நிறுத்தி, 3000 வரை போய்க் காம்பவுண்ட் போட்டபின், விளக்கின் பிம்பம் ஃபெண்டரில் உள்ளதைப் போலவே வந்துவிட்டது. கருவி 6 மைக்ரான் குறைவு காட்டியது. மீதிக் கதவையும் இதே அளவில் செய்யச் சொல்லியிருக்கிறேன். உடனே வேக்ஸ் போடலாமா?

மறுமொழி 1

இன்னும் சில வாரங்கள் பொறுங்கள் ஐயா. பெயிண்டிலிருந்து கரைப்பான் முழுவதும் வெளியேறிய பிறகே வேக்ஸால் மூட வேண்டும். அதுவரை வெறும் நீரால் கழுவி, மென்மையான துணியால் ஒற்றி எடுத்தால் போதும்.